பந்தைத் தொட்டுக் கும்பிட்டவரு

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு பெரிய ரக்பிக்காரராமே, அவரு கதையக் கொஞ்சம் சொல்லுங்க"ன்னு இப்பல்லாம் யாராவது வந்துக்கிட்டே இருக்காங்க. பேப்பரப் பாத்துட்டு வர்றாங்க. பேப்பர்ல என்னா போட்டிருக்கான்? ஒயரம் ஆறடி ரெண்டு அங்குலம், நெற நூத்திப் பதினாலு கிலோ, பதினோரு வருஷமா வெளயாடுறாரு, அம்புட்டுத்தான். சந்தையில மாடு விக்கிறவன் கூட இத விட நல்லாச் சொல்லுவான். நான் சொல்றேன், கேளுங்க. ஆனா நடுவுல குறுக்க பேசக்கூடாது. எனக்குக் கோவம் வந்துரும்.

எம்பேரு நிஷாந்தி. அக்கரப்பத்தனையில ஒரு தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறேன். எங்க வீட்டுக்காரரு பேரு சின்னராசா. பேரு வச்சப்ப சின்னதாத்தான் இருந்திருப்பாரு போல. இப்ப அவரு எங்க லயத்து வரிச வீட்டுக் காம்பராவுக்குள்ள நொழஞ்சா நாங்க எல்லாரும் வெளிய வந்துரணும், இல்லாட்டி மூச்சு முட்டும். கல்யாணம் கட்டி வந்ததுல இருந்து மூணு கட்டிலு ஒடச்சிருக்காரு. மூணும் சும்மா திரும்பிப் படுத்ததுல ஒடஞ்சது. ஆனா கொணம் இருக்கே, வாயில வெரல வச்சாக் கூடக் கடிக்கத் தெரியாது. அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

நம்ம வீடுகள்ல கால் எதுலயாவது பட்டுட்டா, அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம்ல? பொஸ்தகம், அரிசி, பெரியவங்க. எங்க மாமியா அழகம்மா அத மகனுக்கு ஊட்டி வளத்துருச்சு. அது ஊட்டுன ஊட்டுல, இவருக்கு எது மேல கால் பட்டாலும் தொட்டுக் கும்பிடணும். வெளக்கமாறு, சொளகு, கட்டிலு காலு, மம்பட்டி, எல்லாத்தையும். தலவாக்கலைக்குப் போற பஸ்ஸுல கூட்டமா இருக்கும்ல, எத்தன பேரு காலு எத்தன பேரு மேல படும்? இவரு குனிவாரு, நிமிருவாரு, குனிவாரு, நிமிருவாரு. ஒருக்கா கண்டக்டரு இவரு பிக்பொக்கட்டுன்னு நெனச்சு லிந்துலையில எறக்கி விட்டுட்டான். எறங்குறப்ப அவன் சப்பாத்து மேல கால் பட்டுருச்சுன்னு அதையும் தொட்டுக் கும்பிட்டிருக்காரு. கூடப் போன எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?

"ஏங்க, கும்பிட்டுக் கும்பிட்டே நமக்கு நாலு தலமொற போச்சு. தொரையக் கும்பிட்டோம், கண்டாக்கையாவக் கும்பிட்டோம், கங்காணியக் கும்பிட்டோம். இன்னும் வெளக்கமாத்தையும் கும்பிடணுமா?"ன்னு நான் ஏசுவேன்.

"கும்பிடுறது வேற நிஷா, மன்னிப்புக் கேக்குறது வேற. மிதிச்சா கேக்கணும்ல"ம்பாரு. இதத்தான் எட்டு வருஷமாச் சொன்னாரு. நானும் எட்டு வருஷமா ஏசினேன்.

ரக்பிக்கு எப்பிடிப் போனாருன்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க கல்யாணத்துக்கு முந்தி நடந்தது. லயத்துக்குப் பின்னாடி மரக்கறித் தோட்டத்துல காட்டுப்பன்னி எறங்கிருச்சு. எல்லாரும் கத்துறாங்க, ஒருத்தனும் கிட்டப் போகல. இந்த மனுஷன் ஓடிப் போய் பன்னிய இடுப்போட கட்டிப் புடிச்சு லீக்ஸ் பாத்தியில சாச்சுட்டாரு. அந்த நேரம் பாத்து தோட்டத்துச் சின்ன மேனேஜரு, நம்ம சின்னத்தொர, மோட்டர்சைக்கிள்ல வர்றாரு. கண்டியில படிச்சு, ரக்பி வெளயாடுன சிங்களப் பொடியன். வாயத் தொறந்து பாத்துக்கிட்டு நிக்கிறாரு. அப்ப என்னா ஆச்சு தெரியுமா? பன்னி மேல இவரு கால் பட்டுருச்சு. ஒடனே ஒரு கைய எடுத்து பன்னியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அந்த ஒரு கை விட்டதும் பன்னி ஓடிருச்சு. லீக்ஸும் போச்சு, பன்னிக் கறியும் போச்சு, அந்தப் பாத்திக்காரி வீரம்மாக்கா இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லி ஏசும்.

சின்னத்தொர மட்டும் ஏசல. "நீ எந்த ஸ்கூலுக்கு வெளயாடுன?"ன்னு கேட்டிருக்காரு. இவரு ஒம்பதாம் வகுப்போட நின்னவரு. அடுத்த சனிக்கெழம கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு நுவரெலியாவுல ஒரு கோச்சுகிட்ட விட்டுட்டாரு. கோச்சு பேரு விமல். சத்தம் போட்டார்னா கந்தப்பளை வரைக்கும் கேக்கும்.

அங்க வெளயாடுனது ரக்பி லீக்கு. மத்த ரக்பியில பதினஞ்சு பேரு, இதுல பதிமூணு பேரு. நான் ஒங்களுக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், அது போதும். பந்தத் தூக்கிக்கிட்டு ஓடுறவன எதிராளுக கட்டிப் புடிச்சு விழுத்துவாங்க. விழுந்தவன் எந்திரிச்சு, பந்தத் தரையில வச்சு, காலால பின்னாடி தள்ளணும். பின்னாடி நிக்கிறவன் அத எடுத்துக்கிட்டுத் திரும்ப ஓடுவான். இப்பிடி ஆறு தடவ. ஆறாவதுலயும் ஒண்ணும் ஆகலன்னா பந்து எதிராளுக்கு. காலால தள்ளுன பந்தத் திரும்பக் கையால தொட்டா குத்தம், அப்பவும் பந்து எதிராளுக்கு.

இப்ப வெளங்குதா கரச்சல் எங்க இருக்குன்னு?

இவரு முன்வரிச ஆளு. முன்வரிச ஆளுன்னா ஓடிப்போய் மலையில முட்டுற மாதிரி முட்டணும், விழணும், எந்திரிக்கணும், திரும்ப முட்டணும். கொழுந்து எடுக்குறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமில்ல, நாள் முச்சூடும் குனிஞ்சு நிமிந்து ஒடம்பு நோகும், பேரு கடைசியில ஓடுறவனுக்குப் போகும். நல்லா முட்டுனாரு. மூணு பேரு தொங்குனாலும் இழுத்துக்கிட்டுப் போவாரு. விழுந்தாரு. எந்திரிச்சாரு. பந்த வச்சாரு. காலால தள்ளுனாரு. குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. விசிலு. மொத மேட்ச்சுல மட்டும் அப்பிடி ஏழு விசிலு.

பின்னாடி நின்னு பந்து எடுக்குறது முஹ்ஸின். லிந்துலையில துணிக்கட வச்சிருக்காரே ஹுசைன் மொதலாளி, அவரு மகன். சின்ன ஆளு, கெட்டிக்காரன். அவன் பந்து எடுக்கக் குனியிறப்ப இவரும் பந்தத் தொடக் குனிவாரு, ரெண்டு மண்டையும் டமார்னு முட்டும். அந்தப் பய நெத்தி ஒரு வருஷம் கொழுக்கட்ட மாதிரியே இருந்துச்சு. அவன் உம்மா ஆமினா எங்க வீட்டுக்கே வந்துருச்சு. "மகள், ஒங்கட மாப்பிளய கொஞ்சம் நிமிந்து நிக்கச் சொல்லுங்க, எங்கட புள்ளைக்குப் பொண்ணு பாக்கணும்"னு அழுகுது.

பந்தோட நிக்கல. விழுந்து கெடக்குற எதிராளு மேல சப்பாத்துக் கால் பட்டாலும் இவரு குனிஞ்சு அவனத் தொட்டுக் கும்பிடுவாரு. பட்டாளத்து டீமுல ஹேமந்த அப்பிடின்னு ஒரு முன்வரிச ஆளு, அனுராதபுரப் பக்கம், இவரு அளவு ஒடம்பு. மொதத் தடவ இவரு அவன் தோளத் தொடக் குனியவும், அடிக்கத்தான் வர்றான்னு நெனச்சு அவன் விட்டான் பாருங்க ஒரு குத்து, இவருக்கு முன்பல்லு ஒண்ணு ஆடிருச்சு. குத்து வாங்கிட்டும் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் எந்திரிச்சிருக்காரு. அதுக்கப்பறம் வருஷா வருஷம் ரெண்டு பேரும் முட்டிக்கிட்டாங்க. இவரு மிதிக்கிற நேரமெல்லாம் கும்பிடுவாரு, அவன் பேசாமப் படுத்துக் கெடப்பான். ஏழு வருஷம் இப்பிடி.

கெட்ட பேரா கெடச்சுது? நல்ல பேருதான். சனங்களுக்கு இவரப் புடிச்சுப் போச்சு. கொழும்புல மேட்ச்சுன்னா இவரு குனியிற நேரம் பாத்து கேலரி முழுக்கக் குனிஞ்சு கண்ணுல ஒத்திக்குமாம். டிவியில காட்டுனாங்க. ரெண்டு தடவ வருஷத்துச் சிறந்த முன்வரிச ஆளுன்னு கேடயம் குடுத்தாங்க. அந்தக் கேடயம் கட்டிலுக்கு அடியில இருக்கு, வேற எடமில்ல. ஆனா நாட்டு டீமுக்கு ஆளெடுக்குறப்ப மட்டும் மூணு தடவ பேர வெட்டிட்டாங்க. "மேட்ச்சுக்கு மூணு குத்தம் பண்ற ஆள வெளிநாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போக ஏலாது"ன்னு கோச்சுகிட்ட சொல்லிட்டாங்களாம்.

மூணாந் தடவ வெட்டுன அன்னிக்கு இவரு இஸ்தோப்புத் திண்ணையில குந்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் மழையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அம்மாம் பெரிய ஒடம்பு அப்பிடிக் குந்தியிருந்தா பாக்க முடியல. எனக்கு அழுகையும் வந்துச்சு, ஆத்திரமும் வந்துச்சு. எங்க ஆளுக பேரக் காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல மட்டும்தான் சத்தமாப் படிப்பாங்க, வேலைக்குப் போறதுக்கு. வேற ஒரு லிஸ்டுல, வேற ஒரு காரியத்துக்கு, இவரு பேர ஒருத்தன் மைக்குல படிக்கணும். நான் கேக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்னு இருந்துச்சு.

இந்த வருஷம் மலேசியாவுக்கு டீம் எடுத்தாங்க. கோச்சு வீட்டுக்கே வந்துட்டாரு. "சின்னராசா, ஒனக்கு முப்பத்து மூணு வயசு. இதுதான் கடைசி. முன்வரிசைக்கு ஒரு எடம்தான் பாக்கி இருக்கு. ஒண்ணு நீ, இல்லாட்டி ஹேமந்த. தலவாக்கலையில ஒங்க ரெண்டு டீமுக்கும் மேட்ச்சு, லிஸ்டு போடுற ஆளுக கொழும்புல இருந்து வந்து பாக்குறாங்க, மேட்ச்சு முடிஞ்ச கையோட பேர் படிப்பாங்க. நீ ஒரே ஒரு தடவ பந்தத் தொட்டுக் கும்பிட்டாலும் ஒன் பேரு இல்ல"ன்னு சொல்லிட்டு, எங்கிட்டத் திரும்பி, தங்கச்சின்னு சிங்களத்துல கூப்பிட்டு, "நங்கி, மூணு கெழம இருக்கு, இந்த ஆளத் திருத்துங்க"ன்னாரு.

நான் திருத்த ஆரம்பிச்சேன். இஸ்தோப்புல வரிசையா சாமான அடுக்கினேன். பூசணிக்கா, சொளகு, கோதும மாப் பை, எங்க மகளோட சுற்றாடல் பாடப் பொஸ்தகம். "ஒவ்வொண்ணா கால வச்சுட்டு, கையக் கட்டிக்கிட்டு நிமிந்து நில்லுங்க"ன்னேன். பூசணிக்காயிலயே தோத்துட்டாரு. பொஸ்தகத்துக்கு வந்தப்ப மாமியா அலறிக்கிட்டு ஓடி வந்துச்சு.

"அடி மூதேவி, சரஸ்வதிய மிதிக்கச் சொல்றியாடி எம்மகன! நீ வெளங்குவியா?"

"மாமி, இது சரஸ்வதி இல்ல, சுற்றாடல்!"

"அதுலயும் சரஸ்வதிதான்டி இருக்கா!"

லயமே கூடிருச்சு. பொஸ்தகத்த எடுத்துட்டு, பந்து மட்டும்னு முடிவு பண்ணினோம். சாக்குக் கயித்துல அவரு ரெண்டு கையையும் இடுப்போட கட்டினேன். கை இல்லாட்டி என்னா செய்வாருன்னு பாத்தேன். கண்ணக் கொண்டு போய்ப் பந்துல ஒத்த முழுசா மடங்குனாரு. நூத்திப் பதினாலு கிலோவும் மூக்கால வந்து எறங்குச்சு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க. ரெண்டு கெழம அப்பிடியே போச்சு, மூக்கு வீங்குனதுதான் மிச்சம்.

கடைசியில வழி சொன்னது எங்க மாமனாரு மூக்கன். அவரு தேயில அரைக்கிற ஸ்டோர்ல வேல செய்றவரு, மெசினுக்குக் காவலா இருக்குற ரோதமுனிக்கு அவருதான் பூச வைப்பாரு. "இந்தா பாரு ராசா, நானும் மெசின் மேல ஏறி நின்னுதான் வேல செய்றேன். ஒவ்வொரு மிதிக்கும் கும்பிட்டா தேயில கருகிப் போயிரும். அதனால வருஷத்துக்கு ஒருக்கா ரோதமுனிக்கு முன்னாடி நின்னு, இந்த வருஷம் மிதிக்கப் போறதுக்கெல்லாம் இப்பவே மன்னிச்சுக்கன்னு மொத்தமாக் கேட்டுர்றேன். நீயும் பந்தக் கொண்டு வந்து முன்கூட்டியே கேட்டுரு, எம்பது நிமிசத்துக்கும் சேத்து."

இவரு மூஞ்சி அப்பிடியே தெளிஞ்சிருச்சு. கோச்சுக்குத் தெரியாம முஹ்ஸின் பந்தக் கொண்டு வந்தான். ரோதமுனிக்கு முன்னாடி வச்சு, குங்குமம் தடவி, தேசிக்கா வெட்டி, கர்ப்பூரம் காட்டி, "எம்பது நிமிசத்துக்குப் பொறுத்துக்க சாமி"ன்னு மாமனாரு கேட்டாரு. பந்து கிட்டவும் தனியாக் கேட்டாரு. வீட்டுக்கு வந்து பந்த உருட்டச் சொன்னேன். உருட்டுனாரு. கை லேசா ஆடுச்சு, குனியல. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு, நான் போய் இவரக் கும்பிடுவனா, விட்டுட்டேன்.

மேட்ச்சு அன்னிக்குத் தோட்டத்து லொறியில நாப்பது பேரு போனோம். தூத்தலும் பனியுமா இருந்துச்சு. ஒரு பக்கம் கூடாரத்துல கொழும்பு ஆளுக மூணு பேரு, சூட்டும் கோட்டும், கையில பேப்பரு. எதிர்ப் பக்கம் நாங்க. ரெஃபரி வந்தாரு, பையத் தொறந்தாரு, பளபளன்னு புதுப் பந்து ஒண்ண எடுத்து நடுவுல வச்சாரு.

இவரு அதப் பாத்தாரு. நேரா கோட்டோரத்துக்கு எங்கிட்ட நடந்து வந்தாரு.

"நிஷா, இது அது இல்ல."

"எது எது இல்ல?"

"இந்தப் பந்துகிட்ட நான் ஒண்ணுமே கேக்கலயே."

மாமனாரு எனக்குப் பின்னாடி இருந்து எட்டிப் பாத்து, "எல்லாப் பந்துக்கும் சேத்துத்தான்டா கேட்டேன்! போய் வெளயாடு!"ன்னாரு.

"நெசமாவாப்பா?"

"ரோதமுனி மேல சத்தியமாடா!"

இவரு திரும்பி ஓடுன ஒடனே மாமனாரு ரெண்டு கன்னத்துலயும் படபடன்னு போட்டுக்கிட்டாரு. எல்லாப் பந்துக்கும் கேட்டிருந்தாத்தானே.

மொதப் பந்து இவருக்கே வந்துச்சு. முட்டுனாரு, ஹேமந்தயும் இன்னொருத்தனும் விழுத்துனாங்க. எந்திரிச்சாரு. பந்த வச்சு உருட்டுனாரு. கை எறங்குது, எனக்குத் தெரியுது, அப்பன் பேச்ச மனசு முழுசா நம்பல. நான் தொண்ட கிழிய, "ஏங்க! கையத் தூக்குங்க!"ன்னு கத்தினேன். எங்க லொறியில வந்த நாப்பது பேரும், "கையத் தூக்கு! கையத் தூக்கு!"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு கையையும் மேல தூக்கிட்டாரு. போலீசு புடிச்ச மாதிரி நிக்கிறாரு. முஹ்ஸின் மண்ட அடிபடாம முழுசாப் பந்த எடுத்துக்கிட்டு ஓடுனான். அன்னிக்கு முழுக்க இப்பிடித்தான். விழுறாரு, எந்திரிக்கிறாரு, உருட்டுறாரு, கையத் தூக்குறாரு. கூடாரத்துல இருந்த கொழும்பு ஆளு ஒருத்தரு இது என்னா ஸ்டைல்னு கோச்சுகிட்டக் கேட்டாராம். மலையில மூச்சு வாங்க இதான் வழின்னு கோச்சு ஒரு பொய்ய எடுத்து விட்டிருக்காரு.

ஒரு விசிலு கூட இவருக்கு இல்ல. ஆனா எனக்கு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. நடுவுல ஒருக்கா ஹேமந்த கீழ விழுந்து கெடக்க, இவரு சப்பாத்து அவன் கை மேல பட்டுருச்சு. இவரு குனியப் பாத்தாரு, நாங்க கத்தினோம், கையத் தூக்கிட்டு ஓடிட்டாரு. ஹேமந்த எந்திரிக்காம இவரு போறதையே பாத்தான். பழகுன ஆளு ரோட்டுல முகம் திருப்பிக்கிட்டுப் போனா எப்பிடிப் பாப்போம், அந்த மாதிரி. எனக்கு அப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

கடைசி நிமிசம். ரெண்டு பக்கமும் பதினாறு. நம்ம ஆளுகளுக்கு ஆறாவது தடவைக்கு முந்தின தடவ. இவரு பந்தத் தூக்கிக்கிட்டுப் போய் நாலு பேருக்குள்ள விட்டாரு தலைய. நாலு பேரும் சேந்து சாச்சாங்க. மூணு பேரு எந்திரிச்சு வெலகிட்டாங்க. ஹேமந்த எந்திரிக்கிறப்ப அவன் சப்பாத்து இவரு காதுல அழுத்திருச்சு. காது கிழிஞ்சு ரத்தம்.

ஹேமந்த ஒடனே வெலகி ஓடி எதிர்ல நிக்கணும். அதான் சட்டம். ஓடல. நின்னான். குனிஞ்சான். பட்டாளத்துக்காரன், அம்மாம் பெரிய ஆளு, சேத்துல முட்டி போட்டு, எங்க வீட்டுக்காரரு தலையத் தொட்டு, ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டான். நிதானமா, ரெண்டு கண்ணுலயும்.

அப்பறம் விசிலு. விழுந்தவன எந்திரிக்க விடாமத் தடுத்தான்னு ஹேமந்த மேல குத்தம். முஹ்ஸின் பந்த வச்சு ஒதச்சான், கம்புக்கு நடுவுல போச்சு, ரெண்டு புள்ளி. பதினெட்டுக்குப் பதினாறு. மேட்ச்சு முடிஞ்சிருச்சு.

எங்க ஆளுக ஆடுன ஆட்டத்தச் சொல்லவா வேணும். மாமனாரு கோச்சத் தூக்கப் போய் ரெண்டு பேரும் விழுந்தாங்க. அப்பறம் மைக்குல பேர் படிச்சாங்க. முன்வரிச, கடைசிப் பேரு: "மூக்கன் சின்னராசா." நான் காதாலக் கேட்டேன். பெரட்டுல இல்ல, மைக்குல. நான் அழுதேன், மாமி அழுதுச்சு, பன்னிக் கதைய மறந்துட்டு வீரம்மாக்கா கூட அழுதுச்சு.

கண்ணத் தொடச்சுக்கிட்டு இவரத் தேடிப் போனேன். கூடாரத்துக்குப் பக்கத்துல இவரு காதுல துணிய வச்சுக்கிட்டு நிக்கிறாரு. அங்க ஹேமந்தயப் போட்டு அவங்க கோச்சு திட்டிக்கிட்டு இருக்காரு. "மொகக்த கெருவே?" என்னடா பண்ணுன, மேட்ச்சும் போச்சு, மலேசியாவும் போச்சேன்னு. எனக்குச் சிங்களம் நல்லா வெளங்கும். ஹேமந்த தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னான்:

"சேர், பதினாலு வருஷமா வெளயாடுறேன். எத்தன பேரு என்ன மிதிச்சிருக்கான். மிதிச்சுட்டுத் திரும்பிப் பாத்து மன்னிப்புக் கேட்டது இந்த ஒருத்தன்தான். இன்னிக்கு அவனையும் அத மறக்க வச்சுட்டாங்க. நானும் மிதிச்சுட்டு அப்பிடியே ஓடுனா அப்பறம் யாரு சேர் கேக்குறது?"

மறக்க வச்சது யாரு? கயிறு கட்டுனது யாரு? கத்துனது யாரு? நான்தானே. இவரப் பாத்தேன், இவரு மலேசியாவுக்குப் போற மூஞ்சியாவே இல்ல, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறாரு.

எனக்கு வருத்தம் வந்தா ஒடனே கோவமா மாறிரும், அது பொறவிக் கொணம். நேரா கூடாரத்துக்குள்ள போனேன். கோவம் வந்தா எனக்குத் தமிழ்தான் வரும். "ஏன்யா, மூணு பேரு கோட்டுப் போட்டுக்கிட்டுக் குந்தியிருக்கீங்களே, நீங்க யாரையாவது மிதிச்சுட்டுத் திரும்பிப் பாத்திருக்கீங்களா? பாத்தவன் ரெண்டே பேரு இருக்கான் இந்த மைதானத்துல. ஒருத்தன மூணு தடவ வெட்டுனீங்க, மத்தவன இன்னிக்கு வெட்டிட்டீங்க. மனுஷனா இருக்குறது ஒங்க சட்டத்துல குத்தமா?"

எங்க வீட்டுக்காரரு பின்னாடி ஓடி வந்து, "நிஷா, வேணாம் நிஷா, எம்பேரையும் வெட்டிருவாங்க"ன்னு என் சட்டையப் புடிச்சு இழுக்குறாரு. மூணு பேரு தொங்குனாலும் இழுத்துக்கிட்டுப் போற ஆளு, என்ன ஒரு அங்குலம் நகத்த முடியல.

மூணு பேருல வயசானவரு முஹ்ஸினக் கூப்பிட்டு, என்னா சொல்றாங்கன்னு கேட்டாரு. அந்தப் பய முழுங்கி முழுங்கி, அக்கா நன்றி சொல்றாங்கன்னு சிங்களத்துல சொன்னான்.

"டேய் முஹ்ஸினு! நான் அப்பிடியா சொன்னேன்? சொன்னத சொன்ன மாதிரி சொல்றா!"

அவன் எங்க வீட்டுக்காரரப் பாத்தான். இவரு ஒரு நிமிசம் கண்ண மூடிக்கிட்டு நின்னாரு. அப்பறம், "சொல்லு தம்பி"ன்னாரு. அந்த ரெண்டு சொல்லுல அவரு மலேசியாவ எடுத்துப் பணயம் வச்சாரு, எனக்கு அது அப்பத் தெரிஞ்சுச்சு. முஹ்ஸின் தரையப் பாத்துக்கிட்டே ஒரு சொல்லு விடாம எல்லாத்தையும் சொன்னான்.

வயசானவரு அவரு சப்பாத்தப் பாத்தாரு. மத்த ரெண்டு பேரும் அவரப் பாத்தாங்க. பெரிய ஆளுகளுக்கு ஏச்சு வாங்கிப் பழக்கமில்ல போல, என்னா செய்றதுன்னு தெரியாம இருந்தாங்க. அப்பறம் அவரு மைக்குல படிச்சவன்கிட்ட, அந்த லிஸ்டத் திருப்பிக் குடுங்கன்னு கை நீட்டுனாரு. பேனாவும் கேட்டாரு.

எங்க வீட்டுக்காரரு பேரு இருந்த எடத்துலயே இருந்துச்சு. அடியில, வேற மையில, ஹேமந்தவோட பேரு.

இவரு அத எட்டிப் பாத்துட்டு வெளிய ஓடி, ஹேமந்தயத் தூக்கிக்கிட்டு ஒரு சுத்து சுத்துனாரு. காதுல இருந்து ரத்தம் அவன் சட்டையெல்லாம் ஆச்சு. நான் ஏசல. எட்டு வருஷமா அந்தப் பழக்கத்துக்காக அவர எத்தன ஏச்சு ஏசியிருப்பேன், அது ஒண்ணுக்கும் நான் மன்னிப்புக் கேக்கலேன்னு அங்க நின்னு நெனச்சேன். இன்னும் கேக்கல. கேக்கணும்.